குழாய் வேலை ஏன் நீண்டுபோகிறது, அதற்கு எப்படி ஆயத்தமாவது

சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம், தண்ணீர் முழுமையாக நின்று, பழைய பாகம் உடையாமல் கழன்று வந்த பிறகே தொடங்குகிறது. நேரத்தை விழுங்குபவை இந்த இரண்டு கட்டங்களே என்பதால் ஆயத்தமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முந்தைய நாளே, தண்ணீர் வரத்தை நிறுத்தும் கேட் வால்வை மூடிப் பாருங்கள். பல ஆண்டுகள் அசைக்கப்படாத வால்வின் உள்ளே உப்பும் துருவும் படிந்துவிடுவதால், கைப்பிடி இறுதிவரை திரும்பினாலும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அப்படியானால் மேல்நிலைத் தொட்டியையே காலி செய்ய நேரிடலாம். வீட்டிலுள்ளோருக்கு வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைத்த பிறகே கருவியை எடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வெந்நீர்க் குழாய் என்றால் கீசரின் மின் இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும்.

கழற்றும் கட்டம்தான் உண்மையான சோதனை. துருப்பிடித்த இரும்பு மரையில் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். கழற்றும்போது ஒரு ரெஞ்சால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் அந்த விசை சுவருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பைச் சென்று தாக்கும். அவ்வளவு கவனித்தும் நிப்பிள் (மரையிட்ட சிறு இணைப்புக் குழாய்) முறிந்து எல்போவுக்குள் (குழாய் திரும்பும் வளைவு இணைப்பு) தங்கிவிட்டால் பதற வேண்டாம். ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு, எல்போவின் மரையைத் தொடாத அளவுக்கு நிப்பிளின் சுவரில் இரண்டு வெட்டுகள் போட்டு, இடைப்பட்ட துண்டைச் சிற்றுளியால் உட்புறமாக மடக்கினால், மீதி தளர்ந்து வந்துவிடும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு மரையைக் கெடுத்தால் சுவரை உடைப்பதைத் தவிர வேறு வழியிராது.

புதிய பாகத்தைப் பொருத்துவது எளிது. மரை வழியே கசியாமல் தடுக்கும் டெஃப்லான் டேப்பை, மரை முறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். வாஷர் மாற்றியும் சொட்டினால், அது அமரும் உலோக விளிம்பு அரித்துள்ளதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாயைப் பசையால் ஒட்டுவதென்றால் இரு பரப்புகளும் உலர்ந்திருக்க வேண்டும்; ஒரு துளி ஈரம்கூட ஒட்டைக் கெடுக்கும். பசை டப்பாவில் குறிப்பிட்ட நேரம் முடியும்வரை தண்ணீரைத் திறக்கக் கூடாது. ஒட்டிவிட்டது போலத் தோன்றுவதும் அழுத்தம் தாங்குவதும் வேறு வேறு.

திறப்பதற்கு முன் குழாய் முனையிலுள்ள வலையைக் கழற்றிவிடுங்கள்; இல்லையெனில் உதிர்ந்த துரு அதை அடைத்துக்கொள்ளும். வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்பைச் சுற்றி உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் ஒற்றிப் பாருங்கள். சுவரை உடைக்க நேர்ந்திருந்தால், மறுநாள் காலையிலும் காகிதம் நனையவில்லை என்றால்தான் அதைப் பூசலாம்.