நாள்பட்ட முதுகு வலி: ஊர் சுற்றும்போதும் பிடித்ததைச் செய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வலி முழுசா போகட்டும், அப்புறம் பழனிக்குப் போயிட்டு வரலாம்." இப்படிச் சொல்லியே வருஷங்களைத் தள்ளியவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் உண்டு. முதல் தவறு இதுதான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். அது குறையும், சில மாதம் மறந்தே போகும், மறுபடி எட்டிப் பார்க்கும். முழுசாகப் போகும் நாளுக்காகக் காத்திருக்கையில் நடை குறைகிறது, தசையின் பலம் குறைகிறது, தனியாகக் கிளம்பும் தைரியமும் போய்விடுகிறது.

பல பேரை வீட்டோடு முடக்குவது ஓர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) தேய்ந்திருக்கிறது, பிதுங்கியிருக்கிறது என்று படித்ததும், குனிந்தாலே ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துவிடுகிறார்கள். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. வயதானால் தலை நரைப்பது போலத்தான் இதுவும். வலிக்கிறது என்பதாலேயே உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை.

அதே சமயம், அலட்சியமாக இருக்கவே கூடாத அறிகுறிகள் சில இருக்கின்றன. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது, சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, தொடைகளுக்கு இடையே மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது. இவற்றில் எது வந்தாலும் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு சேர்ந்த முதுகு வலி, காரணமில்லாமல் உடல் இளைப்பது, கீழே விழுந்த பிறகு வரும் கடும் வலி, ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் வலி ஆகியவற்றுக்கும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி, அதிகம் பேர் விழுகிற குழிக்கு வருகிறேன். "இன்னைக்கு வலியே இல்ல" என்கிற நாள்தான் ஆபத்தான நாள். பரண் ஒழிப்பது, மாடியைக் கழுவுவது, ஒரு மாத வேலையையெல்லாம் அன்றைக்கே முடித்துவிடுவது, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவது. நான்கு நாள் படுக்கை, பிறகு ஒரு நல்ல நாள், மறுபடி அதே கதை. எப்போது நிறுத்துவது என்பதை வலியிடம் கேட்காதீர்கள், கடிகாரத்திடம் கேளுங்கள். உட்கார்ந்து பூக்கட்டினால் அரை மணி நேரத்தில் இடுப்பு பிடிக்கிறதா? இருபது நிமிடத்திலேயே எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வாருங்கள். நல்ல நாளிலும் அதே இருபது நிமிடம்தான். ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால் இருபத்தைந்தாக்கலாம். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் வேலை பாதியில் கிடக்கும்போது எழுந்திருப்பதற்கு மனசு வராது. அதற்குத்தான் பழக வேண்டும்.

பயணத்திலும் இதே தவறுதான் வேறு உருவத்தில் வருகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் நின்றுகொண்டே புளிசாதமும் முறுக்கும் செய்து, வீட்டைப் பெருக்கித் துடைத்து, நள்ளிரவில் பெட்டி கட்டினால், ரயில் ஏறும் முன்பே முதுகு களைத்துவிடும். மூட்டை கட்டுவதை மூன்று நாள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். ஒரே பெரிய சூட்கேஸை விட இரண்டு சின்னப் பைகள் மேல். பெரிய பெட்டியைக் குனிந்து, உடம்பைத் திருப்பி, பெர்த்துக்கு அடியில் தள்ளுகிற அந்த ஒரு நொடியில்தான் பலருக்கும் சுளீரென்று பிடித்துக்கொள்கிறது. பக்கத்து சீட் பையனிடம் "தம்பி, இதைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குடுப்பா" என்று கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

ரயில் டிக்கெட்டில் கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று தேர்வு செய்ய வழி இருக்கிறது. அதைக் கவனிக்காமல் நடு பெர்த்தில் மாட்டிக்கொண்டால் இரவில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. சைடு லோயரில் இரண்டு இருக்கைகள் சேரும் இடம் மேடு பள்ளமாக இருந்தால், போர்வையை மடித்துப் போட்டுச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். பஸ் என்றால் பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள வரிசைகள் வேண்டாம், ஒவ்வொரு வேகத்தடையும் நேராக இடுப்புக்கு வரும். நடுவில் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இடுப்பு வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும். டீக்கு நிறுத்தினால் டீ வேண்டாமென்றாலும் இறங்கி நடங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு திட்டத்தைத் திணிப்பது இன்னொரு தவறு. நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கூப்பிடுவார்கள். நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்து எழுவதே வேலையாகிவிடும். கும்பகோணத்தில் தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு சந்நிதியிலும் நிதானமாக நின்று கும்பிடலாம். பழனியில் மலையேற விஞ்ச் எனும் இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. படியேறாமல் போனால் தரிசனம் குறைந்துவிடாது. வரிசையில் நிற்க வேண்டிய நேரத்துக்கு அந்தச் சக்தியை வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது திண்டில் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்தால் இடுப்புக்கு ஆறுதலாக இருக்கும்.

ஊருக்குப் போகிறோம் என்றதும் இடுப்பு பெல்ட் வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமான சிகிச்சையாக பெல்ட்டையும், முதுகை இழுத்து வைக்கும் டிராக்ஷனையும் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஆபரேஷனுக்கோ எலும்பு முறிவுக்கோ பிறகு டாக்டர் போடச் சொன்னது வேறு விஷயம். வலி மாத்திரை விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை உண்டு. வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல், வெறும் வயிற்றில் டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற பெண்கள் அநேகம். வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் அது வழி. ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பயணத்துக்கு உண்மையான தயாரிப்பு நடைதான். ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து குணமான 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர இடைநிலையாக (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் வந்துவிட்டது என்ற கணக்கில்) 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். வாரம் ஐந்து நாள், தினம் 30 நிமிடம் என்பதுதான் அவர்கள் எட்டப் பார்த்த அளவு. முதல் நாளே 30 நிமிடம் வேண்டாம், பத்தில் தொடங்குங்கள்.

கட்டாந்தரையில் படுத்தால் சரியாகும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. ஸ்பெயினில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், கெட்டி மெத்தையை விட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் மாடித்தோட்டம் காத்திருக்கும். பத்து லிட்டர் வாளி பத்து கிலோ. அதை ஒரே கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்குப் பதில், முடிந்தால் ஹோஸ் போடுங்கள். முடியாவிட்டால் இரண்டு கையிலும் அரை அரை வாளியாகப் பல நடை. செடி வளர்க்கும் பையை இடம் மாற்ற வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே மாற்றுங்கள், மண் நனைந்த பிறகு அதன் கனமே வேறு. கத்தரியையும் மிளகாயையும் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு இடுப்பு உயரத்தில் வையுங்கள். தரையில் இருக்கும் கீரைப் பாத்திக்குக் குட்டி முக்காலியில் உட்கார்ந்து களை எடுக்கலாம். இன்று ஒரு வரிசை எடுத்தால் போதும், அடுத்த வரிசை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.