அனஸ்தீசியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட் ஆக நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு ஆபரேஷன் நடக்கும்போது, நோயாளியின் தலைமாட்டில் இருந்தபடி மானிட்டரைப் பார்த்துப் பார்த்து மயக்க மருந்தைக் கூட்டிக் குறைப்பவர் எப்போதும் டாக்டராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பில் வேலை செய்யும் இன்னொருவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் ஒரு வகையினர்தான் அனஸ்தீசியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட்டுகள். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள்.

இளங்கலைக்குப் பிறகு இரண்டு முதல் இரண்டரை ஆண்டுப் படிப்பு, நல்ல சம்பளம், நேரடியாக நோயாளியோடு வேலை. இதைக் கேட்டதும் பலருக்கு ஆர்வம் வந்துவிடுகிறது. வரட்டும், நல்ல தொழில்தான். ஆனால் இதற்குத் தேவையான பின்னணி என்ன, இந்தத் தொழிலின் எல்லை எது என்று சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் ஆண்டுகளும் பணமும் வீணாகும். அப்படி வீணாவது பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய சில தவறுகளால்தான்.

மற்ற வேலைகளோடு குழப்பிக்கொள்வது

முதல் தவறு இதுதான். மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன. மயக்க மருந்து சார்ந்த இடத்தில் வேலை செய்பவர்கள் பல வகை. அனஸ்தீசியா டெக்னீஷியன் கருவிகளைத் தயார் செய்வார், மயக்க மருந்து இயந்திரத்தைச் சோதிப்பார், கேட்ட குழாயையும் மருந்துத் தட்டையும் கையில் கொடுப்பார். மயக்க மருந்து கொடுப்பது அவர் வேலை இல்லை. ஏ.ஏ. கொடுப்பார். நோயாளியை முன்கூட்டியே பரிசோதித்து விவரம் சேகரிப்பது, மயக்கத்தில் ஆழ்த்துவது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, தமனியில் லைன் போடுவது, சிகிச்சை முழுவதும் ரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் நிலையாக வைத்திருப்பது, கடைசியில் பத்திரமாக எழுப்புவது எல்லாம் மருத்துவரின் திட்டப்படி அவர் செய்யும் வேலைகள்.

அடுத்து, மயக்கவியல் செவிலியர். அமெரிக்காவில் சி.ஆர்.என்.ஏ. என்று சொல்வார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் பார்த்தால் அவர் செய்யும் வேலையும் ஏ.ஏ. செய்யும் வேலையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். வந்த பாதைதான் முற்றிலும் வேறு. அவர் முதலில் நர்சிங் படித்து, பதிவு பெற்ற நர்சாகி, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் மயக்கவியல் படிப்பு. 2022 தொடக்கத்திலிருந்து சேருகிறவர்கள் எல்லோரும் முனைவர் நிலைப் பட்டத்துக்குத்தான் படிக்கிறார்கள். ஏ.ஏ. படிப்புக்கு நர்சிங் தேவையே இல்லை. அதற்கு வேண்டியது மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர் படிக்கும் அறிவியல் பாடங்கள்.

இது ஏன் இப்படி அமைந்தது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். 1960களில் மயக்கவியலில் ஆள் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. கிராவென்ஸ்டைன், ஸ்டெய்ன்ஹவுஸ், வொல்பிட்டோ என்ற மூன்று மயக்கவியல் மருத்துவர்கள் சேர்ந்து, அறிவியல் பட்டதாரிகளை எடுத்து மயக்கவியலில் மட்டும் ஆழமாகப் பயிற்சி கொடுக்கலாம் என்று யோசித்தார்கள். 1969இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்திலும் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்திலும் முதல் படிப்புகள் தொடங்கின. ஆக, மருத்துவர்கள் தங்களோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்றே வடிவமைத்த தொழில் இது. அந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை.

மூன்றாவது குழப்பம் பிசிஷியன் அசிஸ்டென்ட்டோடு. அவர் பொது மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர். இன்று எலும்பு சிகிச்சையில் இருந்துவிட்டு நாளை தோல் சிகிச்சைக்குப் போக முடியும். ஏ.ஏ.வுக்கு அது நடக்காது. அவர் படித்தது மயக்கவியல், வேலை செய்யப்போவதும் மயக்கவியல்தான். பத்து வருடம் கழித்துத் துறை மாற வேண்டும் என்று தோன்றக்கூடிய மனம் உள்ளவர்கள் இதை முன்னாலேயே யோசித்துவிடுவது நல்லது.

இந்தக் குழப்பம் புள்ளிவிவரத்திலும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தொகுப்பில் ஏ.ஏ.வின் எண் 29-1071.01. பிசிஷியன் அசிஸ்டென்ட்டுகளின் எண் 29-1071. அதாவது, ஏ.ஏ. அவர்களுடைய உட்பிரிவாக வைக்கப்பட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஏ.ஏ.வின் பெயருக்குக் கீழே காட்டப்படும் சம்பளமும் வேலை வளர்ச்சியும் பிசிஷியன் அசிஸ்டென்ட்டுகளுக்காகத் திரட்டப்பட்டவை. அதை வைத்துக் கடன் கணக்குப் போடாதீர்கள். மருத்துவமனைகள் இப்போது வெளியிடும் வேலை விளம்பரங்களைப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

பழைய அனுபவம் உள்ளே கொண்டுபோகும் என்று நம்புவது

பல ஆண்டு நர்சாக இருந்திருக்கிறேன், சுவாச சிகிச்சையாளராக இருக்கிறேன், வேறு நாட்டில் மயக்கவியல் தொழில்நுட்பம் படித்தேன், அட, மயக்கவியல் டாக்டராகவே இருந்தேன், நேராகத் தேர்வு எழுதலாமா? முடியாது. ஏ.ஏ.வுக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வை நடத்துவது என்.சி.சி.ஏ.ஏ. என்ற ஆணையம். 1989இல் அமைந்தது, 1992இல் முதல் தேர்வு நடத்தியது. அங்கீகாரம் பெற்ற ஏ.ஏ. முதுகலைப் படிப்பை முடித்தவர்கள்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். அங்கீகாரம் தருவது சி.ஏ.ஏ.எச்.இ.பி. என்ற அமைப்பு. வேறு குறுக்கு வழி கிடையாது. முன் அனுபவம் விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும், வகுப்பில் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் பார்த்தால் இன்னொரு எச்சரிக்கை கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் புதிய கல்லூரிகள் பல இந்தப் படிப்பைத் தொடங்கியிருக்கின்றன. அழகான கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் படிப்புக்கு இப்போது என்ன அங்கீகாரம் இருக்கிறது என்று சி.ஏ.ஏ.எச்.இ.பி.யின் பட்டியலிலேயே பாருங்கள். "வந்துவிடும்" என்ற பதிலை நம்பிச் சேர வேண்டாம். அங்கீகாரம் இல்லாமல் முடித்தால் தேர்வு இல்லை, தேர்வு இல்லாமல் வேலை இல்லை.

இளங்கலையில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும் என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். உண்மையில் பட்டத்தின் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. இசை படித்தவரும் விண்ணப்பிக்கலாம், பாடங்கள் இருந்தால். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல், சில இடங்களில் கால்குலஸ். இவற்றில் ஒன்றிரண்டைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிப்போட்டு, விண்ணப்பிக்கும் நேரத்தில் மதிப்பெண் இல்லாமல் திண்டாடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆய்வக வகுப்பு இல்லாமல் பாடத்தை மட்டும் முடிப்பது இன்னொன்று. படித்துப் பல ஆண்டுகள் ஆன பாடத்தைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்-கேட்டா, பொதுவான முதுகலை நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எல்லா விண்ணப்பமும் ஒரே மாதிரி என்று நினைக்காமல், போக நினைக்கும் ஒவ்வொரு கல்லூரியின் நிபந்தனைகளையும் இரண்டாம் ஆண்டிலேயே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் அவதி இருக்காது.

தியேட்டரில் கூட நின்று பார்ப்பதை வெறும் சடங்காக எடுத்துக்கொள்வதும் உண்டு. சில கல்லூரிகள் 8 மணி நேரம் பார்த்தால் போதும் என்கின்றன. அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மயக்கத்தில் ஆழ்த்தும் சில நிமிடங்களும் எழுப்பும் சில நிமிடங்களும் பரபரப்பானவை, யாருக்கும் பிடிக்கும். நடுவில் வரும் நீண்ட நேரம்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. எதுவும் நடக்காதது போல இருக்கும் அந்த நேரத்தில் கவனம் சிதறாமல் உட்கார முடியுமா என்பதை நாள் முழுக்க நின்று பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்பவர்களுக்குப் பயிற்சியின் 2000 மணி நேரத்துக்கும் மேலான மருத்துவமனைப் பணி பெரும் சுமையாகிவிடும்.

எங்கே வாழப்போகிறோம் என்று பார்க்காமல் சேர்வது

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விட விலை அதிகமான தவறு. சான்றிதழ் தேசிய அளவிலானது. வேலை செய்யும் உரிமையோ மாகாணம் தருவது. எல்லா மாகாணங்களும் தருவதில்லை. ஜார்ஜியா, ஒஹையோ, புளோரிடா போன்றவை சட்டப்படி உரிமம் கொடுக்கின்றன. டெக்சாஸ் போன்ற இடங்களில் ஏ.ஏ.வுக்கென்று தனி உரிமம் இல்லாமலே, மருத்துவர் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஒப்படைக்கும் முறையில் வேலை நடக்கிறது. இவை இரண்டும் இல்லாத மாகாணத்தில் ஏ.ஏ.வாக வேலை பார்க்கவே முடியாது, கையில் எவ்வளவு நல்ல பட்டம் இருந்தாலும் சரி.

பட்டியல் மெல்ல வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நெவாடாவில் 2023இல் சட்டம் வந்தது, வாஷிங்டன் மாகாணத்தில் 2024இல் வந்தது. இதைப் பார்த்துவிட்டு, "நான் படித்து முடிப்பதற்குள் எங்கள் மாகாணத்திலும் வந்துவிடும்" என்று கணக்குப் போடுவது ஆபத்து. மசோதா ஆண்டுக்கணக்கில் இழுபடும். செவிலியர் சங்கங்கள் எதிர்ப்பது வழக்கம், மருத்துவர் சங்கங்கள் ஆதரிப்பது வழக்கம். இழுபறி எப்போது முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது.

குடும்பமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். துணைவருக்கு எங்கே வேலை, பெற்றோர் எங்கே இருக்கிறார்கள், அடுத்த பத்து ஆண்டுகளில் எங்கே குடியேறக்கூடும் என்பதெல்லாம் வேறு பல மருத்துவத் தொழில்களில் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள். இங்கே முதலிலேயே பார்க்க வேண்டும். மாகாணம் அனுமதித்தாலும் நீங்கள் நினைக்கும் ஊரின் மருத்துவமனைகள் ஏ.ஏ.க்களை வேலைக்கு எடுக்கின்றனவா என்பது தனிக் கேள்வி. சில இடங்களில் மயக்கவியல் செவிலியர்களை மட்டும் வைத்து நடத்துவார்கள். சட்டத்தை மாகாண மருத்துவ வாரியத்திடமும், நடைமுறையை அந்த ஊரில் வேலை செய்பவரிடமும் கேளுங்கள்.

மேற்பார்வையைத் தவறாகப் புரிந்துகொள்வது

ஏ.ஏ. தனியாகத் தொழில் நடத்த முடியாது. மயக்கவியல் மருத்துவர் இல்லாத சிறிய கிராமப்புற மருத்துவமனையில் வேலை செய்ய முடியாது. மயக்கவியல் செவிலியர்கள் விஷயத்தில், மருத்துவர் மேற்பார்வை வேண்டும் என்ற மத்திய அரசின் விதியிலிருந்து மாகாணங்கள் விலக்குக் கேட்கலாம். 2001இல் அயோவா முதலில் அப்படிக் கேட்டது. ஏ.ஏ.வுக்கு அந்த வழி கிடையாது. சுதந்திரமாகத் தொழில் செய்வதுதான் உங்கள் கனவு என்றால், இந்தப் படிப்பு அதைத் தராது. வருத்தப்பட வைத்தாலும் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மேற்பார்வை என்றதும் டாக்டர் எப்போதும் தோளுக்குப் பின்னால் நிற்பார், நாம் சொன்னதைச் செய்தால் போதும் என்று நினைப்பது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரின் விதிகளின்படி ஒரு மயக்கவியல் மருத்துவர் ஒரே நேரத்தில் நான்கு சிகிச்சைகள் வரை வழிநடத்தலாம். அவர் நோயாளியை முன்னால் பரிசோதிக்க வேண்டும், திட்டத்தை முடிவு செய்ய வேண்டும், மயக்கத்தில் ஆழ்த்துவது, எழுப்புவது போன்ற கடினமான கட்டங்களில் கூட இருக்க வேண்டும், இடையிடையே வந்து பார்க்க வேண்டும், கூப்பிட்டால் உடனே வரும் தூரத்தில் இருக்க வேண்டும். மிச்ச நேரமெல்லாம் அறையில் இருப்பது நீங்கள்தான். ரத்த அழுத்தம் சரியும்போது முதல் முடிவை எடுக்க வேண்டியவரும், டாக்டரை எப்போது அழைப்பது என்று தெரிந்திருக்க வேண்டியவரும் நீங்களே. தயங்கித் தயங்கித் தாமதமாக அழைப்பவரைவிட, ஒரு நிமிடம் முன்னதாக அழைப்பவரோடுதான் எந்த மருத்துவரும் வேலை செய்ய விரும்புவார்.

டாக்டர் ஆவதற்கு இதை ஒரு படிக்கல்லாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். முன்பாடங்கள் ஒன்றுதான் என்பதால் பிறகு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏ.ஏ. படிப்புக்காக அங்கே ஓராண்டுகூடக் குறையாது. நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு, அதற்குப் பிறகு நான்கு ஆண்டு மயக்கவியல் பயிற்சி, எல்லாம் முதலிலிருந்து. டாக்டராக வேண்டும் என்ற ஆசை தெளிவாக இருந்தால் நேராக அங்கே முயல்வதே மேல்.

வேலையில் சேர்ந்த பிறகு செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். நோயாளியிடம் "நான்தான் உங்களுக்கு அனஸ்தீசியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது. பயத்தோடு படுத்திருப்பவர் உங்களை டாக்டர் என்று எடுத்துக்கொள்வார். பெயர், பதவி, எந்த மருத்துவரோடு வேலை செய்கிறீர்கள் என்ற மூன்றையும் சொல்வதற்குச் சில விநாடிகளே ஆகும். தன் உடம்பை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு.

அப்புறம், சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொடர் மருத்துவக் கல்வி நேரங்களைக் கணக்குக் காட்ட வேண்டும். அறிவு இன்னும் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீடும் குறிப்பிட்ட இடைவெளியில் வரும். மாகாண உரிமத்தைப் புதுப்பிக்கும் தேதி வேறு, தேசியச் சான்றிதழின் தேதி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒன்று காலாவதியானால் மற்றொன்றும் சிக்கலில் மாட்டலாம்.