பழைய ஆலையைப் பேரங்காடி ஆக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செந்தூல் ரயில்வே பட்டறை வளாகத்தின் பழைய கட்டடம் ஒன்றில் 2005-இல் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் திறந்தது. பங்சாரில், ஜாலான் ரியோங்கில், ஓர் அச்சகம் ஏ.பி.டபிள்யூ. என்ற பெயரில் காப்பிக் கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த வளாகமானது. பினாங்கில், ஜாலான் குருத்வாராவில், பேருந்துகள் நின்ற ஹின் பஸ் டிப்போவில் இப்போது ஓவியக் கண்காட்சியும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் நடக்கின்றன. இவற்றை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் ஏதோ ஓர் ஆலையின் சாவியை வாங்கிவிடுகிறார்கள் புதியவர்கள். பிறகு, இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் முன்பு செய்த அதே தவறுகளை, அதே வரிசையில், அப்படியே செய்கிறார்கள்.

ஒழுகும் கூரை, துருப்பிடித்த தூண், கறையான் அரித்த கதவு ஆகியவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை கண்ணுக்குத் தெரிபவை. பணத்தைத் தின்பவை கண்ணுக்குத் தெரியாதவை.

நிலப் பட்டாவைப் படிக்காமல் வாடகைக்காரர் தேடுவது

மலேசியாவின் தேசிய நிலச் சட்டம் நிலப் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகையாகப் பிரிக்கிறது. பழைய ஆலை நிலத்தின் பட்டாவில் பெரும்பாலும் ‘தொழில்’ என்றுதான் இருக்கும். அங்கே கடை போட வேண்டுமானால், அச்சட்டத்தின் 124-ஆம் பிரிவின்கீழ் வகையையும் நிபந்தனையையும் மாற்ற நில அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிரீமியம் என்ற கட்டணம் உண்டு.

திட்ட அனுமதி இதிலிருந்து வேறு. பினாங்கில் அது 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் வரும். கோலாலம்பூரில் 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தின்கீழ். இவை இரண்டு வாசல்கள். மாநகரத் திட்டப் படத்தில் உங்கள் நிலத் துண்டு வணிக வண்ணத்தில் இருப்பதால் பட்டா தானாக மாறிவிடாது. நீங்கள் குத்தகைக்காரர் என்றால் பட்டா மாற்ற விண்ணப்பம் உரிமையாளர் பெயரில்தான் போக வேண்டும். பிரீமியத்தை யார் கட்டுவது, அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்ற இரண்டையும் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

கழிவுநீரைக் கடைசியில் நினைப்பது

இந்த ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் இது கால்குலேட்டரில் ஐந்து நிமிடக் கணக்கு.

நம் நாட்டில் கழிவுநீரை பி.இ. என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் வெளியேற்றும் அளவு அது. 1 பி.இ. என்பது நாளுக்கு 225 லிட்டர். தொழிற்சாலைக்கு, உற்பத்தியில் வரும் நீரைச் சேர்க்காமல், ஊழியர் ஒருவருக்கு 0.3 பி.இ. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் மொத்தப் பரப்பில் 100 சதுர மீட்டருக்கு 3 பி.இ.

60 பேர் வேலை பார்த்த 6,000 சதுர மீட்டர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையாக அது 18 பி.இ., அதாவது நாளுக்கு 4,050 லிட்டர். பேரங்காடியாக அதே கட்டடம் 180 பி.இ., அதாவது 40,500 லிட்டர். சுவர் ஒரு அங்குலம் நகரவில்லை. கழிவுநீர் பத்து மடங்கு. அதை ஏற்க வெளியே என்ன இருக்கிறது? பல பழைய ஆலைகளில், கொல்லைப்புறத்துப் புல்லுக்கு அடியில் யாரும் பல ஆண்டுகளாகத் திறந்து பார்க்காத ஒரு கழிவுத் தொட்டி. பொதுக் குழாயில் இணைக்க விண்ணப்பம், வரைபடம், சில வேளைகளில் சாலையை வெட்டும் அனுமதி என்று மாதங்கள் ஓடும். வாடகையோ சாவி வாங்கிய நாளிலிருந்து ஓடும்.

இது பாதிக் கதைதான். மீதி, தரைக்குள் இருக்கிறது.

ஆலைத் தரை இயந்திரத்துக்காகப் போட்டது: மட்டமாக, கனமாக, குழாயே இல்லாமல். புதியவர் முதல் வேலையாக அந்தக் கான்கிரீட்டை மெருகேற்றிப் பளபளப்பாக்குகிறார். படம் எடுத்து விளம்பரம் போடுகிறார். அதைப் பார்த்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் வந்து நடுக்கூடத்தில் இடம் கேட்கிறார். நல்ல வாடகை, உடனே கையெழுத்து. அடுத்த வாரம் அவருடைய குழாய்க்காரர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “சமையலறைத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?”

எந்தப் பக்கமும் போகாது. 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு கொடுப்பது வழக்கம். 60 மீட்டர் ஆழமுள்ள கூடத்தின் நடுவிலிருந்து வெளிச்சுவருக்கு 30 மீட்டர். சரிவுக்கு மட்டும் 75 சென்டிமீட்டர் வேண்டும். தொடக்கத்தில், தரை நீரை வாங்கும் தரைப்பொறிக்கு 30 சென்டிமீட்டர் சேர்த்தால், குழாய் வெளியே வரும் இடத்தில் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். வெளியே உள்ள பழைய ஆள்நுழைவுக் குழியின் அடிமட்டம் 60 சென்டிமீட்டரில் இருந்தால் தண்ணீர் மேல்நோக்கி ஏற வேண்டும். ஏறுமா?

அப்போது மூன்று மாற்று வழிகளைச் சொல்வார்கள். மூன்றுமே கெட்டவை.

பம்பு வைப்பது முதலாவது. சோற்றுக் கஞ்சியும் குழம்பு எண்ணெயும் கலந்த நீரில் பம்பு அடிக்கடி நிற்கும். நிற்பது எப்போதும் வெள்ளிக்கிழமை மதியம்தான்.

கடைத் தரையை 30 சென்டிமீட்டர் உயர்த்தி, குழாயை அதன் அடியில் விடுவது இரண்டாவது. நடுக்கூடத்துக்கு இது கணக்கிலேயே உதவாது. வெளிச்சுவரை ஒட்டிய கடைக்குத்தான் உதவும். அங்கேயும் சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 சரிவு என்றால் வாசலில் 3.6 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். கடையின் முகப்பு அதோடு போச்சு.

மெருகேற்றிய தரையை வெட்டுவது மூன்றாவது. மண்மேல் நேரடியாகப் போட்ட தரை என்றால் செலவும் தூசியும் மட்டும். மென்மண் பகுதிகளில் தரையே மண்ணுக்குள் இறக்கிய தூண்களின்மேல் நிற்கலாம். அங்கே கம்பியை வெட்டுவது கட்டடத்தின் எலும்பை வெட்டுவது. பினாங்கில் பெங்காலான் வெல்ட் சாலையோரக் கிடங்குகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்த நிலத்தில் நிற்பவை. தோண்டினால் தண்ணீர் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். சாவி வாங்குமுன் வெளியே உள்ள ஒவ்வொரு ஆள்நுழைவுக் குழியையும் திறந்து, அடிமட்டத்தை அளந்து, வரைபடத்தில் குறியுங்கள். அந்த எண்தான் எந்தக் கடை எங்கே என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அடுப்பு எரியும் கடைகள் எல்லாவற்றையும் ஒரே வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக வையுங்கள். துணி, புத்தகம், கைபேசி போன்றவை நடுவுக்குப் போகட்டும். நடுவிலும் உணவகம் வேண்டுமென்றால், தரைக்கு மெருகு போடுமுன் கட்டடத்தின் நீளவாக்கில் ஒரு குழாய்ப் பள்ளம் வெட்டி, மேலே திறக்கக்கூடிய மூடி போட்டு, அதில் ஒரு பொதுக் குழாயை விடுங்கள். சரிவு அந்தப் பள்ளத்தின் நீளத்துக்கும் கணக்கிடப்பட வேண்டும். வெளிக்குழி ஆழம் போதாவிட்டால் புதுக்குழிதான்.

கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் எண்ணெய்ப் பொறியையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைக்கும் சின்னப் பெட்டி காப்பிக் கடைக்குப் போதும். இலைச் சாப்பாட்டுக் கடைக்கும் மாமாக் கடைக்கும் போதாது: கொதிநீரில் கழுவும்போது எண்ணெய் உருகிப் பொறியைத் தாண்டிப் போய், குழாய்க்குள் ஆறி, கட்டியாகிவிடும். கட்டடத்துக்கு வெளியே ஒரு பெரிய பொதுப் பொறி இருந்தால், உறிஞ்சு லாரி பக்கத்தில் வந்து நிற்கும். அதைச் சுத்தம் செய்யும்போது எழும் நாற்றம் தெரியாதவர்கள்தான் அதை உள்ளே வைப்பார்கள்.

அஸ்பெஸ்டாஸ் தகடு

கூரையில் அலையலையான சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு இருந்தால், ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்வரை அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தகட்டை உடைக்கக் கூடாது, துளையிடக் கூடாது. நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் பொதிந்து இறக்க வேண்டும். தூளும் நாரும் சுற்றுச்சூழல் விதிகளில் எஸ்.டபிள்யூ. 201 என்ற எண்ணில் வரும் அபாயக் கழிவு, அதாவது ‘அட்டவணைக் கழிவு’. மலிவாகக் கிடைக்கும் லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிடுவது, நாளை உங்கள் வாசலுக்கே திரும்பி வரும் வேலை.

எல்லாவற்றையும் கூரைச் சட்டத்தில் தொங்கவிடுவது

அந்த மெல்லிய இரும்புச் சட்டங்கள் தகட்டையும் காற்றையும் மட்டும் தாங்கக் கணக்கிடப்பட்டவை. நீர் நிறைந்த 150 மில்லிமீட்டர் தீயணைப்புத் தெளிப்பான் குழாய் மீட்டருக்கு 40 கிலோவைத் தொடும். அதோடு குளிர்சாதனக் காற்றுக்குழாய், சமையல் புகைக்குழாய், விளக்கு, பதாகை. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, ஏனெனில் ஒவ்வொன்றையும் தொங்கவிடுபவர் வேறு வேறு ஒப்பந்தக்காரர். கனமானவற்றைத் தரையிலிருந்து எழும் தனித் தூண்களில் தாங்குங்கள்.

ரோலர் ஷட்டரை அவசர வழியாக எண்ணுவது

அது கதவல்ல.

கூடம் முழுவதையும் குளிரூட்டுவது

ஒன்பது மீட்டர் உயரக் கூடத்தில் மனிதர்கள் இருப்பது கீழே இரண்டு மீட்டரில். மேலே உள்ள ஏழு மீட்டருக்கும் மின்கட்டணம் கட்டுவது தலைவிதி அல்ல. பழைய ஆலையைக் கட்டியவர்கள் வெப்பம் தெரிந்தவர்கள். கூரை முகட்டில் இன்னொரு குட்டிக்கூரை எழுப்பிச் சூடான காற்றை வெளியே விட்டார்கள். புதியவர் ‘ஒழுகுகிறது’ என்று முதலில் அடைப்பது அதைத்தான். அடைக்காதீர்கள், மழைத் தடுப்பைச் சீர்செய்யுங்கள். தகட்டுக்கு அடியில் வெப்பக்காப்பு போடுங்கள், கடைகளை மட்டும் கண்ணாடியால் அடைத்துக் குளிரூட்டுங்கள், நடைவழியை மின்விசிறியோடு திறந்தே விடுங்கள். ஹின் டிப்போவில் கூட்டம் நிற்பது திறந்த புல்வெளியிலும் கூரையடி ஓரத்திலும்தான். குளிர்சாதனம் இல்லை என்று யாரும் திரும்பிப் போவதில்லை.

அலங்காரத் துருவும் தொங்கும் பல்பும்

விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம். கழிப்பறையில் போடுங்கள் அந்தப் பணத்தை.

இயந்திரக் குழிகளை இடிபாடு போட்டு நிரப்புவது

செங்கல் துண்டைக் கொட்டி மேலே சிமெண்டு பூசினால் ஓர் ஆண்டில் அமுங்கும், ஓடு வெடிக்கும். அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொன்றையும் இடித்துக் கெட்டிப்படுத்துங்கள், அல்லது சிமெண்டு குறைந்த மெலிந்த கான்கிரீட் ஊற்றுங்கள். எண்ணெய் ஊறிய தரையில் எபாக்சித் தரைப்பூச்சு ஒட்டாது. மேல்பரப்பைச் செதுக்கி எடுத்த பிறகுதான் பூச வேண்டும்.

மின்சாரம்

துணை மின்நிலையக் கட்டடம் நிற்கிறது என்பதற்காக உள்ளே மின்சாரம் காத்திருப்பதாக நினைக்க வேண்டாம். ஆலை மூடியபோதே இணைப்பு முடிந்திருக்கும். மின் நிறுவனமான தெனாகாவிடம் புதிதாகக் கேட்க வேண்டும், அதுவும் வாடகைக்காரர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு.

ஆழமான கூடத்தின் நடுப்பகுதி

ஒரு சாதாரணக் கடைக்கு 8 முதல் 15 மீட்டர் ஆழம் போதும். 60 மீட்டர் கூடத்தில் இரு ஓரமும் கடை வைத்தால், நடுவில் இருண்ட முப்பது மீட்டராவது மிஞ்சும். அதைக் குறுக்குச் சந்துகளாக்கிக் குட்டிக் கடைகளைத் திணிப்பவர்கள் ஆறு மாதத்தில் அந்தச் சந்துகளை விளக்கணைத்துப் பூட்டுகிறார்கள். நடைவழி வளையமாகச் சுற்றி வர வேண்டும். முட்டுச்சந்தில் இருக்கும் கடைக்கு வாடகை பாதி கேட்டாலும் ஆள் வரமாட்டார். நடுக் கூரையில் ஒரு துண்டை எடுத்துவிட்டு முற்றம் ஆக்குவது வாடகைப் பரப்பைக் குறைக்கும் என்று கணக்காளர் சொல்வார். காரைக்குடிச் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை: முற்றம் இல்லாமல் சுற்றியுள்ள அறைக்கு வெளிச்சம் ஏது?

மோட்டார் சைக்கிள்

கார் நிறுத்தத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை உணவு எடுக்க வருபவர்கள் மோட்டாரில் வருகிறார்கள். அவர்கள் நிற்க இடமில்லாவிட்டால் முன்வாசலையே நிறுத்தமாக்கிவிடுவார்கள். பழைய ஆலையில் லாரி சரக்கு ஏற்றிய மேடை எப்படியும் பக்கவாட்டில் இருக்கும். அதன் முன்னால் கோடு போட்டு, மேலே கூரை நீட்டி, உணவுக் கடைகளின் பின்வாசலை அங்கே திறந்துவிடுங்கள்.