வயதான மீட்பு நாய்க்குப் பினாங்கில் புது வீடு தேடுவது எப்படி?

தெருவிலிருந்து மீட்டுத் தற்காலிகமாக வளர்க்கும் நாய்க்கு எட்டு, ஒன்பது வயது ஆகிவிட்டால், இனி அதை யார் கேட்டு வரப்போகிறார்கள் என்று பலர் முயற்சி செய்யாமலேயே இருந்துவிடுகிறார்கள். குட்டி தேடி வருபவரிடம் அதைக் காட்டினால் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஆனால் வயதான நாயின் குணம், பழக்கம், உடல் அளவு எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. அவற்றை மறைக்காமல் எழுதினால், அந்த அன்றாடத்துக்குப் பொருந்தும் வீடு கிடைக்கும்.

படி 1: உடல்நிலையை அறிந்துகொள்ளுங்கள்

கால்நடை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்வதே முதல் வேலை. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நிலை தெரியும். நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சலும், கொசுக்கடியால் பரவும் இதயப்புழுவும் சாதாரணமாகக் காணப்படுவதால், அவற்றுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். பற்களையும் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகும் கிழநாய்க்குப் பல்வலி இருக்கலாம்.

கண்ணில் நீலம் பாரித்த மங்கல் தெரிந்தால் உடனே குருடு என்று முடிவு கட்ட வேண்டாம். வயதாகும்போது கண்வில்லை இறுகுவதாலும் அந்த நிறம் வரும். பார்வை அதிகம் கெடாது. கண்புரை என்றால் நிலைமை வேறு. எது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், அதை அப்படியே குறித்துவையுங்கள். 2015-இல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டதை இன்னும் மறக்காதவர்கள் உண்டு. ஆகவே தடுப்பூசி அட்டையும் கருத்தடைச் சான்றும் கைவசம் இருக்க வேண்டும்.

படி 2: ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

எத்தனை மணிக்கு எழுகிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது, இரவில் வெளியே போகக் கேட்கிறதா, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது, இடி இடித்தால் எங்கே ஒளிகிறது என்பவற்றை எழுதிவையுங்கள். மாதத்துக்கு மருந்துக்கும் உணவுக்கும் எத்தனை வெள்ளி ஆகிறது என்பதையும் சேருங்கள். செலவைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. ஓடுகிறவர் இப்போதே ஓடுவது நாய்க்கு நல்லது.

படி 3: அறிவிப்பு எழுதுங்கள்

“பாவம், யாராவது காப்பாற்றுங்கள்” என்று எழுதினால் இரக்கப்பட்டு எடுப்பவர்கள் வருவார்கள். இரக்கம் சீக்கிரம் தீர்ந்துபோகும். இப்படி எழுதலாம்: “கருப்பி, பெண், ஏறத்தாழ 9 வயது, கருத்தடை செய்யப்பட்டது. காலையில் இருபது நிமிடம் நடந்தால் போதும், பிறகு மின்விசிறிக்குக் கீழே உறங்குவாள். படி ஏறச் சிரமப்படுவாள். மூட்டுக்குத் தினமும் ஒரு மாத்திரை.” படத்தைக் காலை வெளிச்சத்தில், நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள், கறுப்பு நாயை நிழலில் எடுத்தால் முகமே தெரியாது. ஜெலுத்தோங்கில் இருக்கும் எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிவதைத் தடுப்புச் சங்கத்திடமும், நீங்கள் செல்லும் மருத்துவமனையிலும் அறிவிப்பைப் பகிர முடியுமா என்று கேளுங்கள்.

படி 4: கேட்டு வருபவரிடம் பேசுங்கள்

தரைவீடா, அடுக்குமாடியா என்று முதலில் கேளுங்கள். அடுக்குமாடிகளுக்கான 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரக்கூடிய பிராணியை வளர்க்கக் கூடாது. நிர்வாகம் அறிவிப்புக் கொடுத்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். ஆகவே நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாடகை வீடானால் வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களா என்பதைத் தொலைபேசியில் கேட்டால் “ஆமாம்” என்றுதான் வரும். நேரில் போனால் பாட்டியின் முகமே பதில் சொல்லிவிடும்.

படி 5: வீட்டைப் பார்த்து வாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. தானியங்கிக் கேட் திறந்து மூடும் இடைவெளியில் நாய் நழுவிவிடுமா, வாசலில் உள்ள கால்வாய் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; பார்வை மங்கிய நாய் திறந்த கால்வாயில் விழுந்துவிடும். வழுவழுப்பான தரையில் மூட்டுவலி உள்ள நாயின் பின்னங்கால்கள் விரிந்து சறுக்கும். அது நடக்கும் வழியில் ரப்பர் விரிப்புப் போட்டால் போதும். கார் நிறுத்துமிடத்தில் சங்கிலியில் கட்டிவைப்பதுதான் அவர்களின் திட்டம் என்றால், மரியாதையாக நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள். பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருந்தால், நாய் அவர்கள் வாசலுக்கோ காலணிகளிடமோ போகாதபடி பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் பேசிக்கொள்ளுங்கள்.

படி 6: முதலில் தற்காலிகமாக ஒப்படையுங்கள்

இரண்டு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளி, சீனப் பெருநாள் வெடிச்சத்த நாட்களைத் தவிருங்கள். நாய் படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். உணவை மாற்றுவதானால் ஏழு முதல் பத்து நாட்களில், பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். முதல் நாட்களில் தரையில் சிறுநீர் கழித்தாலோ, ஒருவேளை சாப்பிடாவிட்டாலோ பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருநாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 7: காகிதங்களை முடியுங்கள்

சரிவராவிட்டால் நாயை உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கவோ தெருவில் விடவோ கூடாது என்பதை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கொடுங்கள். தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருந்தால் பதிவைப் புதியவரின் பெயருக்கு மாற்றுங்கள். நாய் உரிமத்தை அவர் எந்த மன்றத்தில் எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்: தீவில் என்றால் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பட்டர்வொர்த் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். இவையெல்லாம் முடியும்வரை கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.