சென்னையில் காற்றின் தரத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடுவது எப்படி

காற்று மாசு என்றதும் டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தை நினைத்துக்கொண்டு, கடலோர ஊரான நமக்கு அந்தக் கவலை இல்லை என்று சென்னைவாசிகள் பலரும் இருந்துவிடுகிறோம். கடல்காற்று உதவுவது உண்மைதான். ஆனால் அது நாள் முழுவதும் வீசுவதில்லை, எல்லாத் தெருக்களுக்கும் ஒரே அளவில் வந்து சேர்வதுமில்லை.

முதலில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியைக் கைபேசியில் நிறுவி, மணலி, கொடுங்கையூர், இராயபுரம், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி ஆகிய இடங்களில் உள்ள கண்காணிப்பு நிலையங்களில் வீட்டுக்கு அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதில் தெரியும் காற்றுத் தரக் குறியீடு 50 வரை இருந்தால் நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, அதற்கு மேல் மோசம் என்று பொருள். ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். நுண்துகளைப் பொறுத்தவரை அது 24 மணி நேரச் சராசரி. விடியற்காலையில் உங்கள் தெருமுனையில் எரிந்த குப்பையின் புகை அதில் தெரியாமலே போகலாம். மேலும், நம் அளவுகோல் தாராளமானது. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 30 மைக்ரோகிராம் இருந்தாலும் குறியீடு 50-ஐத் தாண்டாது, ‘நன்று’ என்றே காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேர வரம்போ 15 மட்டுமே. ஆகவே ஆஸ்துமா உள்ள பிள்ளையோ, இதய நோயுள்ள முதியவரோ, கருவுற்ற பெண்ணோ இருக்கும் வீட்டில் 50-ஐத் தாண்டியதுமே எச்சரிக்கை எனக் கொள்வதுதான் சரி.

இந்தத் துகள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் சளியும் தடுக்க இயலாத அது நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கி, அதன் ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் கூடுகின்றன. வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்குவது என்று 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. இருமல் இல்லை, ஆகவே பாதிப்பில்லை என்று எண்ணுவது பெரும்பிழை.

அடுத்து, உங்கள் பகுதியின் புகை எங்கிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள். எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் நிலக்கரிச் சாம்பலும், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், துறைமுகச் சாலைகளில் கண்டெய்னர் லாரிகளும், கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பைமேடுகளும் காரணமாகின்றன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது சுற்றுப்புறத்தார் பல நாள் புகையைச் சுவாசித்தனர். மற்ற இடங்களில் வாகனப் புகையும் கட்டுமானத் தூசியும் முதன்மையானவை. எண்ணூர் மக்களிடம் சன்னலை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்வது தீர்வாகாது. அங்கே ஆலைகளின் புகைபோக்கிகளில்தான் மாற்றம் நிகழ வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே உள்ள வெப்பமான அடுக்கு மூடிபோல் அமர்ந்துவிடுவதால், புகை மேலெழ வழியின்றித் தேங்கும். அம்மாதங்களில் விடியற்கால நடைப்பயிற்சியை வெயில் ஏறிய பின்னரோ மாலையிலோ வைத்துக்கொள்ளலாம். நெரிசலான சாலையை விட்டு உட்தெருவில் நடந்தாலே வேறுபாடு உண்டு. முகக்கவசம் தேவைப்பட்டால் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 அணியுங்கள். கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது.

வீட்டுக்குள் கொசுவர்த்திச் சுருளைக் கட்டாயம் தவிர்த்துக் கொசுவலை பயன்படுத்துங்கள். மூடிய அறையில் எரியும் ஒரு சுருள், எழுபதுக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகளை வெளியிடக்கூடும். கூட்டும்போது தூசி பறக்காதபடி ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

தெருவில் குப்பை எரிந்தால் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் அளியுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்கின்றன. போகிக்கும் இது பொருந்தும். 2018 போகியன்று எழுந்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடைப்பட்டன. பழைய டயர், பிளாஸ்டிக் பொருட்களை முந்தைய நாளே தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.