ஐஎஸ்ஓ இறக்கியாச்சா? 64 எழுத்தையும் ஒத்துப் பாருங்கள்

பெங்களூரு பி.ஜி. அறை வைஃபையில் 6 ஜிபி ஐஎஸ்ஓ (விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றை நிறுவும் கோப்பு) இறங்குவதற்குள் இரண்டு முறை கரண்ட் போய் வந்துவிடும். அதற்குச் சலித்து எஸ்.பி. ரோடு கடையில் பென் டிரைவில் வாங்கி வருவோரும் உண்டு. எப்படி வந்த கோப்பானாலும், நிறுவும் முன் செக்சம் பார்த்துவிடுங்கள். கோப்பு முழுவதையும் கணக்குப் போட்டால் வரும், எழுத்தும் இலக்கமும் கலந்த அடையாள எண் அது.

கணக்குப் போடும் முறை ஷா-256 என்றால் விடை எப்போதும் 64 எழுத்து. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை அடியோடு மாறும். எம்டி5 (32 எழுத்து), ஷா-1 (40 எழுத்து) என்ற பழைய முறைகள் இரண்டையும் நம்ப வேண்டாம். இரு வேறு கோப்புகளுக்கு ஒரே விடை வரவைக்க முடியும் என்று 2004இலும் 2017இலும் செய்தே காட்டிவிட்டார்கள்.

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, 'கெட்-ஃபைல்ஹேஷ்' (Get-FileHash) கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஐஎஸ்ஓவை அந்த ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டு என்டர் தட்டுங்கள். லினக்ஸில் 'ஷா256சம்' (sha256sum). வந்த எண்ணை நகலெடுத்து, வெளியீட்டாளரின் செக்சம் பக்கத்தில் கன்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பொருட்டல்ல. முதல் நாலு, கடைசி நாலு எழுத்தை மட்டும் கண்ணால் பார்ப்பது போதாது. அந்த எட்டு எழுத்து பொருந்தும்படி கோப்பைத் திருத்த ஏறக்குறைய 430 கோடி முயற்சி போதும். கணினிக்கு அது பெரிய வேலையில்லை.

பொருந்தவில்லையா? முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள்; குறைந்தால் பாதியில் நின்ற டவுன்லோடு. அளவு சரியென்றால் பதிப்பைப் பாருங்கள். உபுண்டு 24.04க்கும் 24.04.1க்கும் எண் வேறு. விண்டோஸ் 11இல் மொழிக்கு மொழி வேறு.

பொருந்தினாலும் ஒரு கேள்வி பாக்கி: எண் எங்கிருந்து வந்தது? 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் டவுன்லோடு இணைப்பையே கெட்ட ஐஎஸ்ஓ பக்கம் திருப்பிவிட்டார்கள். தளத்துக்குள் புகுந்தவருக்குப் பக்கத்திலுள்ள எண்ணை மாற்றுவது கஷ்டமா? அதனால் ஐஎஸ்ஓவை எந்த மிரரில் (நகல் தளத்தில்) இறக்கினாலும் எண்ணை அசல் தளத்தில் எடுங்கள். ஜிபிஜி (டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மென்பொருள்) கையொப்பக் கோப்பு இருந்தால் 'ஜிபிஜி வெரிஃபை' (gpg --verify) செய்யுங்கள். 'குட் சிக்னேச்சர்' என்பதற்குக் கீழே எச்சரிக்கை ஒன்றும் வரும். கையொப்பம் கெட்டது என்று அர்த்தமில்லை. கையொப்பமிட்டவரின் டிஜிட்டல் சாவியை உங்கள் கணினி இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான். சாவியின் ஃபிங்கர்பிரின்ட்டை (அதன் அடையாள எண்ணை) வேறோர் இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

'ஆக்டிவேஷன் செய்தே இருக்கு' என்று கொடுக்கும் விண்டோஸ் ஐஎஸ்ஓ யாரோ திருத்தியது. மைக்ரோசாஃப்ட் தரும் எந்த எண்ணும் அதற்குப் பொருந்தாது. அழித்துவிடுங்கள்.