இன்ஜினியரின் வரிக்கழிவு: லேப்டாப் பில்லில் தொடங்கும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் இன்ஜினியர்களுக்குப் பஞ்சமில்லை. படித்து முடித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சம்பளத்துக்குப் போனவர்கள் ஒரு பக்கம். ஊரிலேயே பிளான் போட்டு, பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். ஜூலை வந்தால் இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: "லேப்டாப் வாங்கினேனே, வரியில் கழிக்கலாமா?" சம்பளக்காரருக்கு ஒரு பதில், தனியாகத் தொழில் செய்பவருக்கு வேறு பதில். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

சம்பளக்காரர் லேப்டாப், பாதுகாப்பு ஷூ, இன்டர்நெட் பில் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் நிலையான கழிவு: பழைய வரி முறையில் 50,000 ரூபாய், புதிய வரி முறையில் 75,000. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் வேலைக்கு வாங்கிய கருவிகளைக் கழிக்கிறார் என்றால், அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே ஒரு வழி உண்டு. அலுவலக வேலையாக அலைவதற்கு நிறுவனம் தரும் பயணப்படிக்கு, செலவான அளவுக்கு வரிவிலக்கு கிடைக்கும், புதிய முறையிலும்தான். ஆனால் அது சம்பளக் கட்டமைப்பிலேயே இருக்க வேண்டும். ரிட்டர்ன் போடும்போது நாமாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) விஷயத்தில் செட்டிநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் இருந்தபடி வேலை பார்ப்பவர், அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வாடகை தருவதாக ரசீது போடுகிறார். வீடு அப்பச்சியின் பெயரில் இருந்து, வாடகை உண்மையிலேயே வங்கி வழியாகப் போய், அவரும் அதை வருமானமாகக் காட்டினால் சரி. ஐயா (தாத்தா) காலத்து வீட்டில் உங்களுக்கும் பங்கு இருந்தால்? சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு இந்த விலக்கு கிடையாது. பங்காளிகளில் யாராவது ஒருவர் பெயரில் ரசீது வாங்கி ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். புதிய முறையில் எச்.ஆர்.ஏ. விலக்கே இல்லை என்பதால், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தனியாகத் தொழில் செய்பவர்கள் சறுக்கும் இடம் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் தேவையில்லை. மீதிப் பாதிதான் உங்கள் செலவு. லேப்டாப் தேய்மானம், ஆபீஸ் வாடகை, பெட்ரோல் எல்லாம் அதற்குள் அடக்கம். பாதியைக் காட்டிவிட்டு மறுபடியும் லேப்டாப்பைக் கழிப்பது ஒரே செலவை இரண்டு முறை கழிப்பது. உண்மையான செலவு பாதிக்கு மேல் என்றால் இந்தப் பிரிவை விட்டுவிட்டு முறையாகக் கணக்கு எழுதுங்கள். அப்போதும் லேப்டாப் விலை முழுவதும் முதல் வருடமே கழியாது. தேய்மானமாக வருடத்துக்கு 40 சதவீதம்தான் கழியும்; 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதி. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அந்தச் செலவு கணக்கில் ஏறாது.

இன்னொன்று, நம் ஊரில் அதிகம் பார்ப்பது. பிளானுக்கு வாங்கும் கட்டணமும், ஆத்தங்குடிக் கல் பதித்து முடித்துத் தரும் ஒப்பந்தப் பணமும் ஒன்றல்ல. முதலாவது தொழில்முறைக் கட்டணம், இரண்டாவது வியாபார வரவு. இரண்டையும் 44ஏடிஏ-வில் கொட்டக் கூடாது. சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி-யில் கட்டணத்தையும் சேர்த்து 6 அல்லது 8 சதவீதம் மட்டும் லாபமாகக் காட்டுவதும் தப்பு. சட்டத்தின் பட்டியலில் உள்ள, இன்ஜினியரிங் போன்ற தொழில் செய்பவருக்கு 44ஏடி பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இரண்டு வேலையும் செய்பவர்கள் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

சம்பள வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் பிளான் போட்டுச் சம்பாதிப்பவர்கள் ஐடிஆர்-1 (சம்பளக்காரர்களுக்கான எளிய ரிட்டர்ன் படிவம்) போடக் கூடாது. டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வரி) பிடித்தது போகக் கைக்கு வந்ததை மட்டும் வரவாக எழுதக் கூடாது. உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் முழுத்தொகை தெரியும்.

"ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்" என்று இல்லாத கழிவுகளைப் போட்டுத் தருபவர்களிடம் போகாதீர்கள். தவறான தகவல் தந்ததாக முடிவானால், அபராதம் மட்டுமே தப்பிய வரியைப் போல் இரண்டு மடங்கு.

இந்தப் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்குப் புதிய சட்டம், எண்களும் வேறு. அப்புறம், 44ஏடிஏ-வில் இருப்பவர்கள் முன்கூட்டிய வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டியதில்லை. மார்ச் 15க்குள் ஒரே தடவையில் கட்டிவிடலாம்.